சொல்லிக்கொடுத்த சாட்சி

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: இன்ஸ்பெக்டர்; குழந்தைக்கு மருந்து ஏற்றிய நர்ஸ்; அந்த மருந்தின் அளவைக் கணக்கிடும் கணினி நிரலை ஜாவாவில் எழுதிய அவளுடைய அண்ணன்; அவனுடைய மேனேஜர். மூலையில், ஒயரைச் சுற்றி முத்திரை வைத்த நிலையில், ஆஸ்பத்திரியின் புது எடை மெஷின்.

குழந்தை செத்து மூன்று நாள். ஏறியது இரண்டு மடங்குக்கும் மேல் மருந்து. மெஷின் எடையைச் சொல்லும், நிரல் அளவைச் சொல்லும், நர்ஸ் பொத்தானை அழுத்துவாள். பழி வந்து உட்கார்ந்தது அழுத்திய விரல் மேல்.

"நான் எதையும் மாத்தலை சார். திரையில வந்ததைத்தான் ஏத்தினேன்." என்றாள் நர்ஸ்.

"எங்க பக்கம் தப்பில்ல," என்றார் மேனேஜர். "மெஷின்கிட்ட எடை கேட்டு அளவு போடறது வரைக்கும் டெஸ்ட் இருக்கு. தம்பி, ஓட்டிக் காட்டு."

அண்ணன்காரன் லேப்டாப்பில் ஓட்டினான். கண்மூடித் திறப்பதற்குள் வரிசையாகப் பச்சை டிக்; எல்லாம் பாஸ்.

இன்ஸ்பெக்டருக்கு ஜாவா தெரியாது. சாட்சிகளைத் தெரியும்.

"இப்ப எடையைச் சொன்னது யாரு?"

"மெஷின்தான்," என்றார் மேனேஜர்.

"அது எங்க கஸ்டடியில ஒயர் பிடுங்கிக் கிடக்கு. வாயைக் கட்டின சாட்சி எப்படிய்யா பேசிச்சு?"

மேனேஜர் அண்ணன்காரன் பக்கம் திரும்பினார். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அது மாக் சார். மெஷினுக்குப் பதிலா ஒரு டம்மி. கேட்டா இருபது கிலோன்னு சொல்லுன்னு முன்னாடியே சொல்லிக்கொடுத்துடுவோம். எல்லாரும் செய்றதுதான்."

"நிஜ மெஷினை யாரு கேக்கறது?"

"அதுக்குத் தனி டெஸ்ட் இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"புது மெஷின் வந்த அன்னிக்கு ஃபெயில் ஆச்சு. இருபது கிலோவை வச்சா நாப்பத்துநாலுங்குது. பவுண்டு கணக்கு. நிரல் அதைக் கிலோன்னு எடுத்துக்கும். மறுநாள் நிரலை ஆஸ்பத்திரிக்கு டெலிவரி பண்ணணும். அந்த டெஸ்டை அழிச்சிட்டேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு..."

"டம்மி வச்சது குத்தமில்ல. நிஜ சாட்சியை விரட்டிட்டு, பொய்யை மட்டும் கூண்டுல நிறுத்தினே பாரு, அதான் குத்தம்," என்றார் இன்ஸ்பெக்டர். "தங்கச்சி கம்பி எண்ணப் போறான்னு தெரிஞ்சும் பேசாம இருந்தே."

நர்ஸ் மெல்லக் கேட்டாள். "அந்தக் குழந்தையோட அம்மா என் மூஞ்சியில காறித் துப்பினப்ப நீ பக்கத்துலதானே நின்னே அண்ணா?"

"பயமா இருந்துச்சும்மா."

ஸ்டேஷனில் அவனுடைய பெல்ட்டையும் கண்ணாடியையும் கழற்றி வாங்கினார்கள். கண்ணாடியை அவள் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம அம்மாகிட்ட நீ சொல்லிடு," என்றான்.

"அதையும் நானேதான் சொல்லணுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். ஏட்டு கதவைச் சாத்திப் பூட்டினார்.