பதினோராவது ஊசி

தொலைபேசி அலறியது.

காலை ஒன்பது மணி. தடுப்பூசி கிளினிக்கின் ஜன்னல்களை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தாள் நர்ஸ்.

"சிஸ்டர்... நான் மழைக்காட்டுப் பயண கைடு பேசறேன்."

"சொல்லுங்க சார். எல்லாரும் பை கட்டியாச்சா?"

"பத்துப் பேர் கட்டியாச்சு. பதினோராவது ஆள் நேத்து சாயங்காலம் செத்துட்டார் சிஸ்டர். அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உங்க ஊசிதான் காரணம்னு சொல்றாங்க. போலீஸ் அங்கதான் வந்துட்டிருக்கு."

ரிசீவரை வைக்க மறந்து நின்றாள்.

ஊசிதான் காரணமா...?

அவருக்கு அவள் ஊசி போடவே இல்லை.

அது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் இப்போது பிணவறையில் இருக்கிறார்.

நேற்றுக் காலை பதினோரு பேரும் வரிசையாக வந்தார்கள். பத்து நாள் கழித்துப் பயணம், காட்டுக்குள் எட்டு நாள். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு முத்திரை குத்திய அட்டை இல்லாவிட்டால் எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லோர் கையிலும், பையை இப்போதே கட்டிவைக்கச் சொல்லி கைடு கொடுத்த பட்டியல். கொசுவலை, மலேரியா மாத்திரை, அட்டைப்பூச்சி ஏறாத காலுறை...

கண்ணாடிக் கடைக்காரர்தான் கடைசி. திரைக்குள் வந்தவரிடம், எல்லோரிடமும் கேட்டதையே கேட்டாள்.

"முட்டை ஒத்துக்குமா சார்? இந்த மருந்தை முட்டையில வச்சுத்தான் வளர்க்கறாங்க."

அவர் முகம் சுருங்கியது.

"துளி பட்டாலே தொண்டை அடைச்சுக்கும்மா. படிவத்துல 'இல்லை'ன்னா இருக்கு? என் வீட்டுக்காரிதான் எழுதினா. மறந்திருப்பா."

"அப்போ போடக் கூடாது. டாக்டர்கிட்ட விலக்குக் கடிதம் வாங்கணும்."

"கடிதக்காரங்களைக் கூட்டிட்டுப் போறதில்லைன்னு கைடு கறாரா சொல்லிட்டார்." குரல் இறங்கியது. "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். முதல் தடவையா அவளா வந்து, ரெண்டு பேரும் எங்கயாவது போலாமான்னு கேட்டிருக்கா. காய்கறி வாங்கக்கூட சேர்ந்து போனதில்லம்மா நாங்க. முத்திரை மட்டும் குத்திடேன்..."

குத்தினாள்.

இரக்கம் என்று அப்போது நினைத்தாள். இரக்கமா அது? பக்கத்து அறையில் டாக்டர் யார் மேலோ எரிந்து விழுந்துகொண்டிருந்தார். கதவைத் தட்ட அவளுக்குப் பயம். அதைவிட மோசம், வயதில் பெரியவர் ஒருவர் தன்னிடம் கெஞ்சியது பிடித்திருந்தது. இப்போது நினைத்தபோது காது மடல் சுட்டது.

சும்மா ஒரு பஞ்சை ஒட்டி அனுப்பினாள். மற்றவர்களோடு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, வலிக்காத கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் கடைக்காரரின் மனைவி, அழுது வீங்கிய கண்களோடு. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டாக்டர் ஓடி வந்தார்.

"ஒவ்வாமை. தொண்டை வீங்கி மூச்சு நின்னிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "அம்மா, என்ன நடந்ததுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"வரும்போதே கை வலிக்குதுன்னார் சார். சாயங்காலம் ரெண்டு பேரும் பை கட்டிட்டிருந்தோம். திடீர்னு தொண்டையைப் பிடிச்சுக்கிட்டு..."

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"பயணத்துக்கு வாங்கின சத்துபானப் பொடி. வீட்டுலயே ஒரு தடவை குடிச்சுப் பாத்துடுங்கன்னு பட்டியல்ல இருந்துச்சு. ஒரு டம்ளர் கலக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"ஒவ்வாமைக்கு அவசர ஊசி வச்சிருப்பாரே?"

"பையோட அடியில போயிடுச்சு சார். பூட்ஸ், ரெயின்கோட்டு, கொசுவலை... எல்லாத்தையும் கொட்டித் தேடறதுக்குள்ள..."

"யார் அடுக்கினது?"

"நான்தான். பாவி." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படிவத்துல ஏன் எழுதலை?"

"எழுதினா விட மாட்டாங்கன்னு அவர்தான் தடுத்தார். ஊசியில முட்டை இருக்கும்னு நாங்க என்னத்தைக் கண்டோம்?"

நர்ஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மறந்திருப்பா என்றாரே... அவர் தடுக்கவில்லையே. முட்டை பற்றி நேற்று இவளிடமும் கேட்டேனே.

டாக்டர் முந்திக்கொண்டார். "படிவத்தை நம்பி சிஸ்டர் ஊசி போட்டாங்க. யார் மேலயும் தப்பில்லை சார்." அவள் பக்கம் குனிந்து முணுமுணுத்தார். "வாயைத் திறக்காதே. அந்தப் படிவம் நம்மளைக் காப்பாத்தும்."

மனைவி கிட்டே வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல எனக்குக் கோபமில்லம்மா. உன் வேலையைத்தானே செஞ்சே?"

அறைந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "ஊசி போட்டேன், ஒவ்வாமை இருக்கறது தெரியாது. ரெண்டே வரி. கையெழுத்துப் போட்டா ஃபைலை மூடிடலாம்."

இரண்டே வரி. போட்டால் வேலை நிலைக்கும். தெருவில் நிமிர்ந்து நடக்கலாம். இரண்டு வரியும் பொய் என்பது தவிர வேறு குறையே இல்லை.

பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். சீல் உடைக்காத ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"என்ன இது?"

"ஆளுக்கொரு குப்பின்னு பதினோரு குப்பி வந்துச்சு சார். பத்துதான் காலி. இது பதினோராவது." தலை நிமிரவில்லை. "முட்டை ஒத்துக்காதுன்னு என்கிட்ட சொன்னார். நான் ஊசி போடலை. பொய்யா முத்திரை குத்தினேன்."

"பைத்தியமா உனக்கு?" டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மனைவியின் முகத்தில் அழுகை நின்றது. குழாயை மூடியதுபோல்.

"போடலையா? கை வலிக்குதுன்னு சொன்னாரே... தொட்டா கத்தினாரே..."

"நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு நடிச்சிருக்கார்மா," என்றாள் நர்ஸ்.

"என்கிட்டயே பொய் சொன்னாரா?" குரல் கிறீச்சிட்டது. "அப்போ நான் எதுக்கு இந்த ஊசி நாள் வரைக்கும் காத்திட்டிருந்தேன்...?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னதை அவளே ஒருமுறை கேட்டுப் பார்ப்பவள்போல் நின்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார். "ஏட்டய்யா, இவங்க வீட்டுக்கு ஆளனுப்பி அந்தச் சத்துபான டப்பாவையும் டம்ளரையும் எடுக்கச் சொல்லுங்க. முட்டைப் பொடி கலந்திருக்கான்னு பார்க்கணும்." அந்த அம்மாளைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷத்துல உங்க ஆசைக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கார் மனுஷன். அதுவே உங்களை மாட்டிவிட்டுடுச்சு."

அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நர்ஸுக்கு நிம்மதி வரவில்லை. ஒரு கொலை வெளியே வந்துவிட்டது என்பதால் தன் முத்திரை நல்ல முத்திரை ஆகிவிடுமா? அவர் கெஞ்சியபோது அந்தக் கதவைத் தட்டியிருந்தால், ஊசியும் இல்லை, பயணமும் இல்லை. ஒருவேளை உயிரோடு இருந்திருப்பார்.

"உங்க மேலயும் கேஸ் உண்டு சிஸ்டர்," இன்ஸ்பெக்டர் புதிய தாள் ஒன்றை நீட்டினார். "நடந்ததை உங்க கைப்பட எழுதிக் கொடுங்க."

பேனா முதல் வரியிலேயே நின்றது.

"சார்... தொழில்னு ஒரு இடம் இருக்கே. என்ன எழுதறது?"

டாக்டர் அவளை முறைத்துக்கொண்டே, வேலையை விட்டு நீக்கும் கடிதத்துக்காக லெட்டர்பேடைத் தேடிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

"நர்ஸ்னே எழுதுங்க. சீக்கிரம் எழுதினா அதுவாவது உண்மையா இருக்கும்."