ஜன்னலை அடைத்த துணி

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். பால்காரர் ஊற்றும் பாலைக்கூட விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தங்கை ரஞ்சனியின் வீட்டுக்கு நடந்தபோதே, அவளுடைய புருஷன் வீட்டார் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது.

ரஞ்சனிக்கு அது தலைப்பிரசவம். எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் மாமியார் ராஜாம்பாள்தான் பத்தியம் பார்த்தார். பிள்ளை பெற்றவளைக் காற்றுக் கருப்பு அண்டக்கூடாது என்று உள்ளறை ஜன்னலின் இடுக்கெல்லாம் பழந்துணியால் அடைத்திருக்கிறார். தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு, கரிச்சட்டியை அனலோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். குளிப்பாட்டுவதற்காகக் குழந்தையை வெளியே தூக்கி வந்தது அதன் நல்ல நேரம். மத்தியானம் கதவைத் திறந்தபோது ரஞ்சனிக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். குழந்தைக்கு என் சப்பை மூக்கு வந்துவிட்டதாம், அதற்கு ஒரு கேலி. இரண்டு மூன்று வாரம் அப்படிப் போயிற்று.

பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

"அவ தூங்குறா அண்ணி" என்று அவள் புருஷன் பார்த்திபன் ஒவ்வொரு முறையும் சொன்னார். எத்தனை நாளைக்கு ஒருத்தி தூங்குவாள்?

ராஜகிரி மலையின் நிழல் சாயங்காலத்துக்கு முன்பே வந்து விழும் சந்து அது. பழைய வாடகை வீடு. வெளியே வெயில் மிச்சமிருக்க, உள்ளே விளக்கு எரிந்தது. சாம்பிராணியும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை. உள்ளறைக் கதவு வெளியில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பொண்டாட்டிய வெளித் தாப்பா போட்டு வெக்கிறதுதான் உங்க ஊட்டு வழக்கமா தம்பி?"

பார்த்திபன் தலை நிமிரவில்லை. "தொறந்தா எங்கனா போயிடுறா அண்ணி. அன்னிக்கு கொளத்தாண்ட போயி நின்னுகினு இருந்தா."

நான் நம்பவில்லை. தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

ரஞ்சனி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கூப்பிட்டதும் உடம்பை மொத்தமாகத் திருப்பி, தரையைத் தேய்த்தபடி சின்னச் சின்ன அடியாக வந்தாள். முகம் என் தங்கையின் முகம்தான். ஆனால் அதில் எதுவுமே அசையவில்லை. கண்கூட எப்போதோ ஒரு முறைதான் இமைத்தது. கூடத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கையிலிருந்த கந்தலை எடுத்து ஜன்னல் இடுக்கில் திணிக்க ஆரம்பித்தாள். மெதுவாக. விரல் நடுங்க நடுங்க.

"இன்னாடி பண்ற?"

"சத்தம் போடாதக்கா." உதடு மட்டும் அசைந்தது. "உள்ள வந்துடும்."

"எது?"

"வாசனையே இல்லாம வருமே, அது."



அன்று சாப்பாட்டுக்கு முன்னால் ராஜாம்பாள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "நமக்கு முன்னாடி இங்க குடியிருந்தவ பேரு அம்மாக்கண்ணு. புள்ள பெத்து அதே ரூம்லயே செத்துட்டாளாம். காலைல பாத்தா வெறச்சிக் கெடந்தாளாம். அவதான் நம்ம பொண்ண புடிச்சிகினா. நாளைக்கு பூசாரி வர்றாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியைச் சாகக் கிடத்திவிட்டு, பழியைச் செத்தவள் தலையில் கட்டுகிறார்களே! சோற்றில் எதையாவது கலந்து அவளை இப்படி ஆக்குகிறார்களா என்றுகூட நினைத்தேன். ரஞ்சனியின் தட்டிலிருந்து ஒரு வாய் நான் தின்று பார்த்தேன். வெறும் பூண்டுக் குழம்பு.

மறுநாள் பூசாரி வந்தார். பேய் தப்பிக்கக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னார். பெரிய சட்டி நிறையக் கரி அனல், அதில் ஒரு பிடி மிளகாய். குழந்தையைத் தாய் மடியில் போடச் சொன்னார் ராஜாம்பாள். பார்த்திபன் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பொண்டாட்டியை விட்டுவிட்டு நழுவுகிறான் பார் என்று பல்லைக் கடித்தேன். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை; அவளைத் தனியாக விட மனமில்லாமல், ரஞ்சனியைக் கட்டிப் பிடித்தபடி நானும் உள்ளே உட்கார்ந்தேன்.

உடுக்கை அதிர்ந்துகொண்டே இருந்தது. மிளகாய் நெடி அடங்கிய பிறகும் அனல் கனன்றது. என் நெற்றிப்பொட்டு தெறித்தது. குமட்டியது. எழுந்திருக்க நினைத்தேன், காலை நகர்த்தவே முடியவில்லை.

உடுக்கைச் சத்தம் நின்றது.

பூசாரி உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தார்.

ரஞ்சனி என் காதோரம் சொன்னாள்: "வந்துடுச்சுக்கா."

கதவு உடையும் சத்தம்தான் கடைசியாகக் கேட்டது. உடைத்து எங்களை வெளியே இழுத்தவர் பார்த்திபன்.

புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவுக்குக் கோபமான கோபம். "மூடின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. சிலருக்கு நல்லாயிட்ட மாதிரியே இருக்கும். சில வாரம் கழிச்சு மூளைல வேலையக் காட்டும். ஞாபகம், நடை, குணம் எல்லாம் மாறும். இவங்களுக்கு அதுதான் ஆயிருக்கு. அதுக்கு மேல நீங்க மறுபடியும் புகை போட்டிருக்கீங்க."

"சரியாயிடுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். சிலருக்கு அப்படியே நிலைச்சுடும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் உள்ள இருந்தீங்க. நீங்களும் ஜாக்கிரதையா இருங்க."

எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்று சிரித்தேன். பார்த்திபனிடம் நேராகப் பேசவே வெட்கமாக இருந்தது. அவர் ரஞ்சனியோடு ஆஸ்பத்திரியில் தங்கினார். என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். குழந்தையைச் சிங்கவரத்தில் என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அதை என் உயிராக வளர்த்தேன். என் சமையலறையில் கரிச்சட்டி இருந்த பக்கமே அதைக் கொண்டு போவதில்லை. தூளி கட்டிய அறையில் ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

மூன்று வாரம் போல ஆகியிருக்கும். மழை தூறிய ஒரு மத்தியானம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பாயில் படுத்தேன்.

நெற்றிப்பொட்டு தெறித்து விழித்தேன்.

அறை இருட்டாக இருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. இடுக்கெல்லாம் பச்சைத் துணி. தூளிக்கு நேர் கீழே சட்டி நிறைய அனல்.

குழந்தையை அள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். முதுகில் தட்டினேன், முகத்தில் ஊதினேன். ஐயோ, அழேண்டா! கடைசியில் முகத்தைச் சுளித்து, சிணுங்கி, வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

பிறகு குழந்தையை வாசல் கட்டிலில் கிடத்திவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன். துணியை ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போட்டேன். கம்பி போட்ட அந்த ஜன்னலை விரியத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பச்சைத் துணி, நான் கட்டியிருந்த புடவையின் கிழிசல். முந்தானையைக் காணோம். நான் குழந்தையோடு ஓடியபோது வாசல் கதவு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. அதைத் திறந்துகொண்டு ஓடியவளே நான்தானே.

வீட்டில் வேறு ஆள் இல்லை. என் விரல் நுனியெல்லாம் கரி.

எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், கடைசியில் என்னையே சந்தேகப்பட வேண்டியதாகிவிட்டது. பார்த்திபனுக்குப் போன் போட்டேன். "தம்பி, கொழந்தைய வந்து எடுத்துகினு போங்க. என்கிட்ட வெக்காதீங்க. என்னைய நம்பாதீங்க." அவர் ஏன் என்று கேட்கவில்லை.

வாசல் கதவை வெளியே பூட்டினேன். அவர் வரும்வரை மழைத் தூறலில் வேப்பமரத்தடியில் நின்றேன். குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். குழந்தையை அவர் கையில் கொடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது எனக்கும் வந்துவிட்டது, நானேதான் செய்திருக்கிறேன், என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று நின்றுவிட்டார். பார்வை என் தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

குழந்தையை இறுக்கிக்கொண்டு கிசுகிசுத்தார். "அண்ணி... உள்ள யாரு இருக்காங்க?"

திரும்பினேன்.

நான் விரியத் திறந்துவிட்டு வந்த ஜன்னல் சாத்தியிருந்தது. அதன் இடுக்கில் பச்சைத் துணி உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. யாரோ பொறுமையாகத் திணிக்கிறார்கள்.

வீட்டுச் சாவி என் கையில்தான் இருந்தது.