ஒருமுறை தட்டினால்

ஓட்டுநர் இருக்கை சூடாக இருந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடாத வேன், தரைக்கு மூன்று தளம் கீழே, வெயிலே எட்டாத இடத்தில் நிற்கிறது. அதன் இருக்கையில் இப்போதுதான் யாரோ எழுந்து போனதைப் போல ஓர் இளஞ்சூடு. அக்கா இடுப்பைச் சற்று உயர்த்திக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். தம்பியிடம் சொன்னால் ஒரு வாரத்துக்குக் கேலி செய்வான்.

நின்றுபோன வண்டிகளைக் கிளப்பிக் கொடுப்பதுதான் அவர்கள் இருவருக்கும் தொழில். மேலே இருக்கும் வணிக வளாகத்தை இடிக்கப் போகிறார்கள். வண்டி நிறுத்தும் இந்தக் கீழ்த்தளத்தை இன்றே மண் கொட்டி மூடிவிட ஏற்பாடு. கடைசியாக மிஞ்சியது இந்த வேன்தான்.

"செத்த மாட்டை எழுப்பி ஓட்டிட்டுப் போற கதைதான்," என்று வாசலில் காவலாளி சிரித்திருந்தார். "நீங்க வெளிய வந்ததும் ஷட்டரை இறக்கிடுவேன். மண் லாரி காத்துக் கிடக்கு. சட்டுபுட்டுன்னு முடிங்கம்மா."

ஓட்டுநர் பக்கக் கதவை ஒரு தூண் அடைத்துக்கொண்டிருந்தது. மறுபக்கக் கதவுக்கு உட்புறக் கைப்பிடி இல்லை. தம்பி வெளியிலிருந்து திறந்துவிட, அவள் ஏறி நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நான் திறந்தாத்தான் நீ வெளிய வர முடியும். கொஞ்சம் மரியாதையாப் பேசு," என்றான், கதவைச் சாத்திக்கொண்டே.

"மூஞ்சியப் பாரு. போய் பானட்டைத் தூக்குடா."

பானட் எழுந்து நின்றது. முன் கண்ணாடி முழுவதும் தகரம். அதற்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சாவி விஷயத்தில் குரல் செல்லாது. தட்டல் மட்டுமே செல்லும். என்ஜினில் கை வைத்திருப்பவர் ஒருமுறை தட்டினால் சாவியைத் திருப்பு, இருமுறை தட்டினால் நிறுத்து. அப்பாவின் பட்டறையில், அடுத்த வண்டிக்காக யாரோ போட்ட சத்தத்தை நம்பி ஒருவன் சாவியைத் திருப்ப, விசிறி அப்பாவின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. அன்று முதல் வீட்டில் அது வேதவாக்கு.

டொக்.

திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீட்டர் விளக்குகள் மங்கி அணைந்தன.

"பேட்டரி முனை பூத்துக் கிடக்காடா?"

"உப்பளம் மாதிரி இருக்கு. சுரண்டறேன், இரு."

அவள் கேள்வி தளத்தின் மூலைகளில் மோதி எதிரொலித்தது. கொஞ்சம் பொறுத்து, வேறொரு மூலையிலிருந்து, இன்னொரு முறை. இரண்டாவதில் அவள் குரலின் கரகரப்பு இல்லை. யாரோ அந்தக் கேள்வியைச் சொல்லிப் பழகிப் பார்ப்பதுபோல இருந்தது.

உப்புத்தாள் தேய்க்கும் ஓசை. டீசலும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். தம்பி முனைகளை இறுக்கினான். கொண்டுவந்த சின்ன பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்தான். செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தான். என்ஜின் கிழவன் இருமுவதுபோல இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது.

"இது பத்தாதுக்கா. மேல போய்ப் பெரிய பேட்டரியத் தூக்கிட்டு வரேன். பயந்துக்காத."

"உன்னைப் பாத்தே பயப்படல, வேற எதுக்குப் பயப்படப் போறேன்? போடா."

அவன் காலடிகள் சரிவுப்பாதையில் ஏறித் தேய்ந்து மறைந்தன. தூரத்தில் ஒரே ஒரு குழல்விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கோ நீர் சொட்டியது. பக்கக் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைக்கப் பார்த்தாள். தூசி வெளிப்பக்கம் இருந்தது. கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. நீர் சொட்டுவது நின்றது.

டொக்.

"வந்துட்டியா? சத்தமே கேக்கலையே."

பதில் இல்லை. தட்டல் வந்த பிறகு பேசக் கூடாது என்பதும் வழக்கம்தானே. திருப்பினாள். என்ஜின் நன்றாகவே உறுமி, பற்றும் தறுவாய்க்கு வந்தது.

டொக். டொக்.

நிறுத்தினாள். வேலை நடக்கிறது. தோள்கள் தளர்ந்தன.

அப்போதுதான் சரிவுப்பாதையின் மேலிருந்து குரல் வந்தது. "அக்கா! யாரு அங்க செல்ஃப் அடிக்கிறது? நான் இன்னும் வரவே இல்லையே!"

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

காலடிகள் ஓடி வந்தன, கனத்த எதையோ சுமந்த காலடிகள். தூசி மூடிய மறுபக்கக் கண்ணாடியில் ஓர் உருவம் கறுத்து நின்றது. "அக்கா, கதவைத் திறக்கறேன். இந்தப் பக்கமா வா. முன்னாடி பாக்காத." தம்பியின் குரல்தான். ஆனால் இந்தத் தளத்தில் குரல்கள் சொல்லிப் பழகுகின்றன. அவள் கை தாவிப் பூட்டை அமுக்கியது.

"ஐயோ, பூட்டாதக்கா!"

டொக்.

எது அவன்? தட்டுவது அவனென்றால், திருப்பாவிட்டால் இங்கேயே இருவருக்கும் சமாதி. கத்துவது அவனென்றால்? குரலை நம்பாதே. அப்பாவின் பாதிக் கை கண்முன் வந்தது.

காலடிகள் பின்கதவுக்கு ஓடின. கைப்பிடி இழுபட்டது. கதவு உதைபட்டது.

டொக்.

பொறுமையான தட்டல். பழகிய தட்டல்.

திருப்பினாள்.

என்ஜின் பற்றியது. பானட் மெல்லக் கீழே இறங்கியது. அதற்கு அப்பால், வேனுக்கு முன்னே தம்பி நின்றுகொண்டிருந்தான், கையைச் சட்டையில் துடைத்தபடி. அவளுக்கு அழுகை வந்தது. பூட்டை விடுவித்தாள். அவன் ஏறி அமர்ந்து கதவைச் சாத்தினான்.

"யாரோ கத்தினாங்கடா. உன் குரல்லயே."

அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேன் தூணைக் கடந்தது. பின்புறம் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது. அதில் தம்பி ஓடி வந்தான். பெரிய பேட்டரியை இன்னமும் குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தவன், அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. என்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

கியரில் இருந்த அவள் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது. ஈரம். குளிர். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை.

பகல் வெளிச்சம். காவலாளி குனிந்து உள்ளே பார்த்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சா? பலே." அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் சங்கிலியை விட்டார். ஷட்டர் தடதடவென்று இறங்கியது. லாரி பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

கண்ணாடியில், ஷட்டருக்கும் தரைக்கும் இடையே மிஞ்சிய ஒரு சாண் இடைவெளியில் நான்கு விரல்கள் நீண்டன. பிறகு ஷட்டர் தரையைத் தொட்டது.

பக்கத்தில் இருந்தது முதல்முறையாக அவள் பக்கம் திரும்பியது. வாய் அசைந்தது. அசைந்து முடித்து, மூடியும்கொண்டது. அதன் பிறகே குரல் வந்தது.

"அக்கா, வீட்டுக்குப் போலாமா?"