கத்தாமல் குதித்த கோழி

கோழி மறுபடியும் கிணற்றில் விழுந்தது. இந்த முறை அதைத் தள்ளிவிட்டவர் அருள்ராஜின் அப்பா திருமலை. பாவம், அவருக்கு அந்த விஷயமே தெரியாது. அவர் பாட்டுக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து தறி நெய்துகொண்டிருந்தார்.

"டேய் அருளு! உங்கப்பாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுடா!" தெருவில் நின்று அஜித்குமார் கத்தினான். "டக்குனு ஒரு அடி அடிச்சாரு பாரு, என் கோழி போயிடுச்சி!"

கோழி என்றால் நிஜக் கோழி இல்லை, போனில் ஓடுகிற கோழி. அந்த விளையாட்டின் பெயர் 'கத்து கோழி கத்து'. அதில் பட்டன் கிடையாது. விரலுக்கு வேலையே கிடையாது. மெதுவாகப் பேசினால் கோழி நடக்கும், கத்தினால் குதிக்கும், வாயை மூடினால் நின்றுவிடும். வழியில் கிணறு வரும், வைக்கோல் போர் வரும், டிராக்டர் வரும். எல்லாவற்றையும் தாண்டினால் கடைசியில் அகலமான ஓர் ஆறு. அந்த ஆற்றை அதுவரை யாரும் தாண்டியதில்லை.

போன் அதே தெருவில் இருக்கும் அக்ஷயாவின் அப்பாவுடையது. லீவு நாட்களில் சாயங்காலம் கொஞ்ச நேரம் அவளிடம் கொடுப்பார். அக்ஷயா வீட்டார் ஜைனர்கள். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தால் அவள் அம்மாவின் குரல் வந்துவிடும். அதனால் அந்தத் தெருக் கோழிக்குச் சூரியன் இருக்கும்வரைதான் ஆயுள்.

யார் அதிக தூரம் போகிறார்களோ, அவர்கள் தங்கள் பெயரைப் போனில் சொல்லி வைக்கலாம். அப்புறம் யார் விளையாட்டைத் திறந்தாலும் கோழி அந்தக் குரலில்தான் கூவும். ஒரு வாரமாக "நான்தான் அஜித்து! நான்தான் அஜித்து!" என்றே கூவிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு அருள்ராஜுக்குக் காது புளித்துவிட்டது.

"தறிச் சத்தம் ஒரே பேஜாரா கீது. தண்ணித் தொட்டியாண்ட போயிடலாம், வாங்க" என்றான் அஜித்குமார்.

"எங்க வேணா போங்க. நாளைக்கு எங்கக்கா வரா. அப்புறம் தெரியும்" என்றான் அருள்ராஜ்.

அவன் அக்கா ரேணுகாதேவிக்குக் காது கேட்காது. வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போன லீவில் கார் ஓட்டுகிற விளையாட்டில் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் தோற்கடித்துவிட்டுப் போனவள். அவள் கட்டைவிரல் போகிற வேகத்துக்குக் காரே பயப்படும்.

வீட்டில் அவளை யாரும் வாயால் கூப்பிடுவதில்லை. அவள் சாய்ந்திருக்கிற கதவிலோ உட்கார்ந்திருக்கிற பலகையிலோ இரண்டு தட்டு தட்டுவார்கள். டக், டக். உடனே திரும்பிவிடுவாள்.

ரேணுவும் எல்லாருக்கும் கையால் பெயர் வைத்திருந்தாள். தம்பி என்றால் தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டுவாள். அவனுக்கு அந்த இடத்தில் பல் இல்லை. அக்ஷயா என்றால் இரட்டைப் பின்னல். அஜித்குமார் என்றால் ஐந்து விரல்களையும் குவித்துக் குவித்துத் திறப்பாள். அதாவது, ஓயாமல் பேசுகிற வாய். இது அஜித்குமாருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று அருள்ராஜ் நினைத்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் ரேணு வந்தாள். பையை வைத்த கையோடு, கார் ஓட்டுவதுபோல் கையைத் திருப்பிக் காட்டிக் கேட்டாள். "ஆட்டம் எங்க?"

"இப்ப புது கேம். வா வா!" என்று கையால் காட்டி அருள்ராஜ் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனான்.

ரேணு போனை வாங்கினாள். இரண்டு கட்டைவிரல்களும் தயாராக இருந்தன. கோழி நின்றது. அழுத்திப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். கோழி நின்றுகொண்டே இருந்தது.

"கெட்டுப்போச்சா?" என்று கையால் கேட்டாள்.

அப்போதுதான் அருள்ராஜுக்குச் சுரீரென்றது. அடடா! இந்த ஒரு வாரமாக அக்கா வரட்டும், அக்கா வரட்டும் என்று குதித்தானே, இதை யோசித்தானா? தயங்கித் தயங்கித் தன் வாயைத் தொட்டுக் காட்டினான். "கத்தணும்."

ரேணுவின் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். அவள் குரல் தடுமாறி, ஏறி இறங்கி வந்தது. கோழி தாறுமாறாகக் குதித்துக் கிணற்றில் விழுந்தது.

அஜித்குமார் சிரித்தான். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், யார் கோழி விழுந்தாலும் அவன் அப்படித்தான் சிரிப்பான். தன் கோழி விழுந்தாலும் சிரிப்பான். ஆனால் ரேணுவுக்கு அது எப்படித் தெரியும்? அவள் பார்த்தது சிரிக்கிற வாயைத்தான். போனை அக்ஷயாவிடம் நீட்டிவிட்டாள்.

"இரு, இரு! நீ போனைப் புடி. நான் கத்தறேன்!" என்று அருள்ராஜ் குறுக்கே புகுந்தான். அக்கா கையில் போன், அவன் வாயில் கூச்சல். கோழி கிணற்றைத் தாண்டியது, வைக்கோல் போரைத் தாண்டியது.

"பாத்தியாக்கா? நீ ஜெயிச்சிகினு இருக்க!"

ரேணு போனைக் கொடுத்துவிட்டுக் கையால் சொன்னாள். "நான் இன்னா பண்ணேன்? போனைப் புடிச்சிகினு நின்னேன். சுவத்துல ஒரு ஆணி அடிச்சா அதுகூடப் புடிக்கும்."

விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அருள்ராஜ் வீட்டுக்கு வந்தபோது, அம்மா பிரித்து வைத்த துணியை ரேணு மறுபடியும் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரணமல்லூரு அத்தை வீட்டுக்குப் போறாளாம். காலைல மொதல் பஸ்ஸுக்கு" என்றாள் அம்மா. "லீவு முடியற வரைக்கும் அங்கதானாம். நீங்க இன்னாடா பண்ணீங்க அவள?"

அக்கா வரப்போகிற நாளை அருள்ராஜ் எத்தனை மாதமாக எண்ணிக்கொண்டிருந்தான்! வந்தவள் ஒரு நாள்கூட இருக்காமல் போகிறாள் என்றால் அழுகை வராதா? வந்தது. சட்டையால் துடைத்துக்கொண்டு அம்மாவின் போனை எடுத்தான். அதில் அந்த விளையாட்டை ஏற்றினான். எங்கேயாவது ஒரு பட்டன் இருக்கும், வாய் இல்லாமல் ஆட ஒரு வழி இருக்கும் என்று உள்ளே தேடு தேடு என்று தேடினான். ஒன்றும் இல்லை.

ரேணு தறிக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கோபமாக இருந்தாலும் அவளுக்கு அதுதான் இடம். அப்பா நெய்தால் தறி அதிர்வது அவள் முதுகில் தெரியும்.

அப்பா நெய்ய ஆரம்பித்தார். டக்... டக்... டக்...

அருள்ராஜின் கையில் கோழி தானாகக் குதிக்க ஆரம்பித்தது. குதித்துக் குதித்துக் கிணற்றில் விழுந்தது.

"யப்பா! கொஞ்சம் நிறுத்துப்பா!"

தம்பியின் வாய் அசைவதைப் பார்த்து ரேணு திரும்பினாள். போனில் கோழி மீண்டும் குதித்தது. அவள் முதுகில் தறி அதிர்ந்தது. மறுபடி கோழி, மறுபடி தறி. ரேணு அப்பாவின் கையைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். சட்டென்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ கத்துறியா?" என்று கையால் கேட்டாள்.

அருள்ராஜ் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்பா கத்துறாரா?"

"இல்ல. அவரு நெய்யறாரு."

"அப்ப கோழி ஏன் குதிக்குது?"

அருள்ராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. தறியால் கோழி விழுகிறது, தறியால் கோழி விழுகிறது என்று ஒரு வாரமாகத் தெருவே திட்டிக்கொண்டிருந்தது. தறிக்கு ஏது வாய்? ஒருவருக்காவது அது தோன்றியதா?

அவன் ஓடிப்போய் மூலையில் கிடந்த பழைய நாடாவை எடுத்து வந்தான். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூலோடு ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. ரேணு அதை வாங்கி, பக்கத்தில் கிடந்த பலகையில் மெல்லத் தட்டினாள். கோழி நடந்தது. ஓங்கித் தட்டினாள். குதித்தது. பலகையின் மேல் சர்ரென்று இழுத்தாள். கோழி இறக்கையை விரித்து மிதந்து போனது!

திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு இருந்தது. சத்தத்துக்கு ஏற்ப உயரும், தாழும். கத்துகிற அவசரத்தில் தெருவில் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. ரேணுவின் கண் முதலில் அதில்தான் போனது. எவ்வளவு தட்டினால் எவ்வளவு உயர்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகினாள். கோழி பலமுறை விழுந்தது. ஒரு தடவை டிராக்டரின் தலையிலேயே போய் உட்கார்ந்தது. ரேணு வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புக்கும் கோழி ஒரு குதி குதித்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, காலைல பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளு அவள."

அருள்ராஜ் போனுக்கு முன்னால் கையை நீட்டிக் கேட்டான். ரேணு நிமிராமலே ஒரு கையால் சொன்னாள். "நாளைக்குப் போவல. வேலை கீது."

மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே அக்காவும் தம்பியும் பலகையோடு வந்து நின்றார்கள். அஜித்குமாருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒரு வாரம் கத்தினால் கட்டாதா?

"இது இன்னாடா, கட்டையும் பலகையும்?" என்று கரகரத்தான். ரேணு தட்டிக் காட்டியதும், "போங்கு! இது போங்கு! வாயாலதான் கத்தணும்" என்றான்.

"அண்ணா, அன்னிக்கு உன் கோழிய எங்கப்பா கிணத்துல தள்ளினாரே, வாயாலயா கத்தினாரு?" என்று கேட்டான் அருள்ராஜ். "கோழிக்கு வாயி எது, கட்டை எதுன்னு தெரியுமா? சத்தம்தான தெரியும்?"

அக்ஷயா களுக்கென்று சிரித்தாள். அஜித்குமார் தலையைச் சொறிந்தான். தன் கட்டிப்போன தொண்டையைத் தடவிக்கொண்டான்.

"சரி, ஆடச் சொல்லு. அப்பறம் அந்தக் கட்டைய எனக்கும் ஒரு தபா குடுக்கணும்."

ரேணு தொட்டித் திண்டில் போனைச் சாய்த்து வைத்து, பலகையை முன்னால் வைத்துக்கொண்டாள். மெல்லத் தட்டினாள். கோழி நடந்தது. கிணறு வந்தது, தாண்டியது. வைக்கோல் போர், தாண்டியது. டிராக்டர் வந்தபோது அஜித்குமார் தன்னை மறந்து "அப்படித்..." என்று ஆரம்பித்தான். கோழி துள்ளியது! பாய்ந்து தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். நல்ல வேளை, கோழி தப்பித்தது.

அந்த நேரம் பார்த்து, தெருவின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. "அக்ஷயா! ஜல்தி வா, பொழுது சாயுது!" தூரத்துக் குரல் என்பதால் பச்சைக் கோடு இலேசாக ஆடியதோடு சரி.

"தோ வரேம்மா" என்று சொல்லத் திறந்த வாயை அக்ஷயா மூடிக்கொண்டாள். இங்கே ஒரு சத்தம் போட்டால் கோழி போச்சு. இரண்டு கைகளையும் தூக்கி அம்மாவைப் பார்த்து ஆட்டினாள். 'வரேன், வரேன், ஒரே நிமிஷம்!' அருள்ராஜும் ஆட்டினான். தொண்டை கட்டிய அஜித்குமாரும் ஆட்டினான். எந்த நேரமும் கூச்சலாக இருக்கும் தொட்டியடியில் எல்லாரும் கையாலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வந்தது.

ரேணு நாடாவை ஓங்கித் தட்டினாள். கோழி உயரே எழும்பியது. நாடாவைப் பலகையில் அழுத்தி, விடாமல், சீராக இழுத்தாள். கோழி இறக்கையை விரித்துத் தண்ணீருக்கு மேலே மிதந்தது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பலகை முடிகிற இடத்தில் நாடா நின்றது. கோழி அந்தக் கரையில் காலை வைத்தது.

அருள்ராஜ் அக்காவைக் கட்டிக்கொண்டான். அஜித்குமார் இல்லாத குரலில் ஏதோ கத்தினான். திரையில் எழுத்து வந்தது: 'உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.'

அக்ஷயா தரையைப் பார்த்தாள். அக்காவின் பெயரைத் தானே சொல்லிவிடலாம் என்று அருள்ராஜ் வாயைத் திறந்தான். ரேணு அவன் வாயைத் தன் கையால் மூடினாள். மறு கையில் இருந்த நாடாவைத் தூக்கினாள்.

டக், டக்.

அவ்வளவுதான். அதுதானே அவள் பெயர்!

மறுநாள் காலை ரேணுவின் துணியெல்லாம் பையிலிருந்து வெளியே வந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மேல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்ராஜ், தெருவில் அஜித்குமார் வருவதைப் பார்த்தான். எப்போதும் நாலு வீடு தள்ளி வரும்போதே "அருளூ!" என்று கத்துகிறவன், அன்று பேசாமல் வந்தான். வாசலில் நின்றான். கொஞ்சம் யோசித்தான். பிறகு கையை நீட்டி, அந்தக் கதவில் இரண்டு தட்டு தட்டினான்.

டக், டக்.

ரேணு திரும்பினாள். யார் என்று பார்த்ததும் முகமெல்லாம் மலர, ஐந்து விரல்களைக் குவித்துத் திறந்து காட்டினாள்.

"இன்னாடா சொல்றா?" என்று அஜித்குமார் உள்ளே பார்த்துக் கேட்டான்.

அருள்ராஜுக்கு இட்லி புரையேறியது. "உன் பேருண்ணா. அக்கா உனக்கு வச்ச பேரு."

"எனக்கா? பேரா?" அஜித்குமாருக்கு ஒரே சந்தோஷம். விரலைக் குவித்தான், திறந்தான். சரியா என்று ரேணுவிடம் காட்டினான். சரிதான் என்று அவள் தலையாட்டினாள். தண்ணீர்த் தொட்டிவரைக்கும் அதையே குவித்துத் திறந்து, குவித்துத் திறந்து, வாயால் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவர்களோடு நடந்து போனான்.