திங்கட்கிழமைப் பெயர்

திங்கட்கிழமை காலையில் எங்களுக்குப் பெயர் கொடுப்பார்கள். கால்பந்து மைதானத்தின் கிழக்கு வாசலில் ஒரு திரை இருக்கும். அதன் முன்னால் வரிசையாக நின்று உள்ளங்கையைக் காட்டினால், அந்த வாரம் முழுக்க நாம் யார் என்று அது சொல்லும். பக்கத்துக் கூடையில் செவிமணிகள் கிடக்கும். அவரவருக்கு உரியதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை என் தோழி சுபிதா, பாறைவிளைக் கல்லூரியின் கோல்கீப்பர் ஆனாள். நான் மறுபடியும் பாறைவிளையின் பத்தாம் எண், வினோலியா ஆனேன்.

“திரும்பவும் அவதானா? இனி அவளுக்க அம்மை உன்னப் பாத்தாக்கூட மோளேன்னு கூப்பிட்டு சோறு போட்டுருவா, கேட்டியா,” என்றாள் சுபிதா.

“உன் ஆளு எப்படி?”

“பந்து வாறதுக்கு முன்னால ரெண்டு கம்பத்தையும் தொட்டுக் கும்பிடுவா. செவிமணி என்னையும் கும்பிடச் சொல்லுது. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரி, யாரன்னு கும்பிட?”

நாங்கள் நிழலணி. அடுத்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் யார் இறங்கப்போகிறார்களோ அவர்களாகவே பயிற்சியில் ஆடிக்காட்டுவது எங்கள் வேலை. செவிமணி சொல்லும், நாங்கள் செய்வோம். “இடது தோள் தாழ்த்து. இரண்டு எட்டு. வலப்பக்கம் திரும்பு.” எங்களை எதிர்த்து ஆடி ஆடி எங்கள் கல்லூரியின் முதலணி பழகிக்கொள்ளும். கிழக்கு வாசலுக்குள் எங்கள் சொந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் முதலணிக்குப் பழக்கம் கலைந்துவிடுமாம். பயிற்சியாளர் பியூலா மிஸ்கூட, “வினோலியா, காலைத் தூக்கி ஓடு!” என்றுதான் என்னைப் பார்த்துக் கத்துவார். மைதானத்துக் கேமராக்களும் என் ஓட்டத்தை வினோலியாவின் பெயரில்தான் சேர்த்துவைத்தன.

முதலணிக்கு ஆள் எடுப்பது வேறு விதம். பத்து வயதில் பள்ளிக்கு ஒரு வண்டி வரும். பிள்ளைகளை ஓடவிட்டு, எலும்பையும் தசையையும் ஊடுருவிப் பார்த்து, இருபது வயதில் இந்தக் கால்கள் என்ன செய்யும் என்று ஒரு வளர்கணிப்பு எழுதிக் கொடுக்கும். கணிப்பு நன்றாக வந்த பிள்ளைகளைக் கல்லூரிகள் அன்றைக்கே பதிந்துவைத்துக்கொள்ளும். வண்டி ஒரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒருமுறைதான் வரும். அது எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வண்டியின் ஹாரனை மட்டும் கேட்டேன்.

கணிப்பு இல்லாதவர்கள் கல்லூரியில் சேர்ந்தபிறகு ஜூன் மாதத்தில் கிழக்கு வாசலுக்குத் தாமாகவே வந்து நிற்கலாம். எங்களுக்கு அதனால்தான் ‘தானா வந்ததுவ’ என்று பெயர். ஓடத் தெரிந்தால் போதும், நிழலணியில் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வருடம். பிறகு அடுத்து வருகிறவர்களுக்கு இடம் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

என் இரண்டு வருடம் அந்த வாரத்தோடு முடிந்தது. பாறைவிளையுடன் அரையிறுதி. அதற்குப் பிறகு எனக்கு மைதானம் இல்லை.

அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்றுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் நான் எத்தனையோ பேராக ஆடியிருந்தேன். ஒருநாள் விடுதி முற்றத்தில் செவிமணி இல்லாமல் பந்தை உருட்டிப் பார்த்தேன். கால் வினோலியாவைப்போல் திரும்பியது. இன்னொரு தடவை உருட்டினேன். அதற்கு முந்தின மாதம் நான் நடித்த யாரோ ஒருத்தியைப்போல் திரும்பியது. எனக்கென்று ஓர் ஆட்டம் இருக்கிறதா, அல்லது அது எப்போதோ தீர்ந்துபோய்விட்டதா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது? சுபிதாவிடம் சொன்னேன்.

“வினோலியாவப்போல ஆடுகதுக்கு வரம் கேக்கவளுவ எத்தன பேரு! நீ அதுக்குப் போயி கவலப்படுகியே,” என்றாள். பிறகு, “எனக்கும் அதே கவலதாம் மக்கா,” என்றாள்.

ஆட்டங்கள் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியும். அப்போதெல்லாம் கோல் விழுவதே அபூர்வம். ஆட்டத்திலும் முதலணிக்காரர்களின் காதில் செவிமணி இருக்கும். ஒவ்வொரு கல்லூரியின் கணிப்பான் இயந்திரமும் எதிரணியின் நடையையும் தோளையும் பார்த்து அடுத்த அசைவைச் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் எல்லாம் தெரிந்தவர்கள். கண்ணைவிடக் காதை நம்பிப் பழகியவர்கள். பார்க்க வருகிறவர்கள் பாதியில் தூங்கிவிடுவார்கள். எங்கள் நிழலணி மட்டும் தூங்காது. அவரவர் ஆளை நேரில் பார்க்கும் சந்தர்ப்பம் அல்லவா!

“பாரு, என் ஆளு கும்பிடுகா!” என்று அரையிறுதியன்று சுபிதா என் முதுகில் அறைந்தாள்.

நான் வினோலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குட்டை. ஆனால் அவள் எப்போது மூச்சு வாங்குவாள், எப்போது காலுறையை இழுத்துவிடுவாள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவள் தும்மியபோது என் மூக்கு அரித்தது.

கோல் இல்லாமல் நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. வீராங்கனைகளின் கழுத்தில் ஒட்டியிருக்கும் சூட்டுப்பட்டைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பட்டை சிவந்தால் வெளியே வந்துவிட வேண்டும், சட்டம் அது. எங்கள் மாற்று ஆட்கள் எல்லாரும் இறங்கித் தீர்ந்தார்கள். கூடுதல் நேரத்தின் இடைவேளையில் இன்னும் இரண்டு பேருக்குச் சிவந்தது. அப்படிப்பட்ட சமயத்தில் கல்லூரியில் படிக்கும் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. யாரும் பயன்படுத்தியதில்லை.

பியூலா மிஸ் எங்கள் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார், மூடினார். எங்கள் பெயர்கள் அவருக்கு வரவில்லை.

“வினோலியா... இல்ல, அந்தப் பிள்ள! நீதான்! அப்புறம் அந்த கீப்பர் பிள்ள! இறங்குங்க!”

கோல்கீப்பராகவே பழகிய சுபிதாவைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினார்கள். நான் முன்னணிக்குப் போனேன். போனேன் என்றால், நேராக நடந்து எதிரணியின் பாதியில் வினோலியாவுக்குப் பக்கத்தில், எங்கள் கோலைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு வருடமும் அங்கேதானே நின்றிருக்கிறேன்!

வினோலியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எந்த ஊரு நீ? வழி தப்பிட்டியா?”

மைதானமே சிரித்தது. “எட்டி, இஞ்ச வா, நம்ம பக்கம் இஞ்ச இருக்கு!” என்று சுபிதா தொண்டை கிழியக் கூப்பிட்டாள். முகம் காந்த, என் பாதிக்கு ஓடி வந்தேன். ஓடி வந்ததும் வினோலியாவின் ஓட்டம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. என் காதில் செவிமணி இருந்தது, ஆனால் அது பேசவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று எங்கள் கணிப்பானுக்குத் தெரியாது. என் பெயரில் அதனிடம் ஒன்றுமே இல்லை. பந்து போகும் பக்கமெல்லாம் சும்மா ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை காலுக்கு வந்த பந்தை விட்டுவிட்டேன். ஆக, எனக்கென்று ஒன்றும் இல்லைதான் என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு.

பிறகு அது நடந்தது. பாறைவிளையின் தடுப்பாட்டக்காரி ஒருத்தி தன் கோலுக்கு அருகில் பந்தை வைத்திருந்தாள். எங்கள் கேப்டன் ஜெப்ஷிபா அவளை நெருக்கினாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காதில் சொன்னதைக் கேட்டு, பந்தைப் பக்கவாட்டில் பதமாகத் தட்டிவிட்டாள்.

பந்து நேராக என் காலுக்கு வந்தது.

அவர்களுடைய கணிப்பான் என் நடையைப் பார்த்து நான்தான் வினோலியா என்று நினைத்துவிட்டது. “வலப்பக்கம் வினோலியா இருக்கிறாள், கொடு” என்று அவள் காதில் சொல்லியிருக்கிறது.

முன்னால் கோல்கீப்பர் மட்டும். கம்பத்தைத் தொட்டுக் கும்பிடக்கூட அவளுக்கு நேரமில்லை. என் இடது தோள் தானாகத் தாழ ஆரம்பித்தது. வினோலியாவின் திருப்பம். இதை இந்த கோல்கீப்பர் தினமும் பயிற்சியில் பார்க்கிறவள், தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவாள். தோளை நிறுத்தினேன். அடுத்து என்ன? காதில் ஒன்றுமில்லை. பந்து காலடியில் கிடந்தது. நான் அதைத் தொடாமல் நின்றேன். கோல்கீப்பர் நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று எனக்கு வலப்பக்கமாகச் சாய்ந்தாள். நான் ஷூ நுனியால், குழந்தைகள் தெருவில் உதைப்பதுபோல, இடப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன். பந்து நொண்டி நொண்டி உருண்டுபோய்க் கோட்டைத் தாண்டியது.

சுபிதா என்மேல் விழுந்தாள். “மெர்சிலின்! மெர்சிலின்!” என்று அவள் கத்தியபோது மைதானத்துக்குள் என் பெயர் கேட்டது எனக்கே விநோதமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வினோலியா வந்து கைகொடுத்தாள். “உனக்கு என் நடை எப்படித் தெரியும்?” என்றாள். சொன்னேன். காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அப்போ என் வலது முட்டி சரியில்லன்னும் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “யாருட்டயும் சொல்லாத,” என்று சிரித்தாள்.

இறுதி ஆட்டத்திலும் வென்றோம். சுபிதாவையும் என்னையும் முதலணியில் பதிந்துகொண்டார்கள். அடுத்த வருடம் சுபிதா கல்லூரிகளுக்கு இடையிலான சிறந்த கோல்கீப்பர் ஆனாள். அவள் கம்பத்தைத் தொடுவதில்லை, ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறாள். நானும் கோல்கள் போட்டேன். என் படம் பஸ் நிலையத்துத் திரையில் வந்தது. பழைய சந்தேகம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு கோலையும் திரும்பப் பார்ப்பேன். இது வினோலியா, இது இன்னொருத்தி என்று பிரித்துக்கொண்டே வருவேன். மிஞ்சுவது என்ன?

பருவத்தின் கடைசி ஆட்டம் தாமிரபரணிக் கரையில் ஒரு சின்னக் கல்லூரியுடன். அங்கேயும் வெயில், அங்கேயும் பட்டைகள் சிவந்தன. அவர்கள் ஒல்லியான ஒரு பெண்ணை இறக்கினார்கள். அவள் என்னிடமிருந்து மூன்று தடவை பந்தைப் பறித்தாள். நான் திரும்புமுன்பே அவள் அங்கே நின்றாள். நாங்கள் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து தண்ணீர்த் தொட்டியருகில் அவள் என்னைத் தேடி வந்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அக்கா, நான் செண்பகா. மூணு வாரமா நீங்கதான் நான். கோவமா?”

“சேச்சே. நானும் அப்படி வந்தவதான்,” என்றேன். பிறகு கேட்டேவிட்டேன். “என்னப்போல ஆடுகது கஷ்டமா இருந்துதா?”

“பாதி ஈசிக்கா. அந்தத் தோள் தாழ்த்துறது பாறைவிளை அக்காவோடது, போன வருசமே ஆடிருக்கேன். ஓடுறதும் வேற யாரோடதோதான்.” நான் பயந்தது சரிதான். அவள் நிறுத்தவில்லை. “ஒண்ணே ஒண்ணுதான் வரவே மாட்டேன்னுச்சு. பந்து கால்ல வந்ததும் நீங்க தொடாம நிப்பீங்கல்லா? யாரோ கூப்பிட்டமாதிரி தலைய லேசா சாய்ச்சுக்கிட்டு. அத நான் வேற யார்ட்டயும் பாக்கல.”

நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது.

“அப்போ செவிமணி உனக்கு என்ன சொல்லும்?”

“ஒண்ணும் சொல்லாதுக்கா. அந்த இடம் வந்தா பேசாம இருந்துரும். அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு அதுக்குத் தெரியல போல. ஒவ்வொரு தடவையும் வேற மாதிரியில்லா செய்றீங்க.” குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டாள். “மூணு வாரமும் அங்க மட்டும் எனக்குத் தோணுனத செஞ்சேன். கோச்சும் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் அப்படி ஆடுவீங்கன்னு நெனச்சுக்கிட்டாரு.”