அச்சப்பெட்டி

“உங்க வண்டி பயந்து கெடக்குதுங்க,” என்றார் மெக்கானிக் ரஹமத்துல்லா.

உலகநாதனுக்கு மானம் போயிற்று. பன்னிரண்டு வருஷப் பழசானாலும் அது சொகுசுக் கார். பளபளக்கும் உடம்பு, தோல் இருக்கை. சேலத்தில் அது சிக்னலில் நின்றால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கார்தான் போன வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் நின்று நடுங்கியது. பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

கார்களுக்கு அச்சப்பெட்டி பொருத்தத் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. வாசனை, அதிர்வு, சூடு எல்லாவற்றையும் அது கவனிக்கும். ஆபத்து என்று பட்டால் பயப்படும். கார் தானே நின்றுவிடும். விபத்துகள் அருகிப்போயின. கூடவே, சாலையில் பயப்படுவதையே மனிதர்கள் விட்டுவிட்டார்கள். கார் பார்த்துக்கொள்ளும் வேலையை நாம் ஏன் செய்ய வேண்டும்?

“எஞ்சின்ல ஆயில் கசியுது. சஸ்பென்ஷன் புஷ் தேஞ்சிருச்சு. பிரேக் ஆயில் போற ஹோஸ்ல விரிசல். இதையெல்லாம் மாத்துனா பயம் தன்னால போயிருமுங்க.”

ஆகும் செலவைச் சொன்னார். யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசக் கூடாதுதான். ஆனால் இங்கே அங்குசம் யானையைவிட விலை அதிகம்.

“பெட்டிய மட்டும் மாத்தினா?”

ரஹமத்துல்லா கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தார். “பழைய சாமான் கடையில ஒண்ணு இருக்குதுங்க. கொஞ்ச நாளே ஓடுன வண்டியோடது. எதுக்கும் பயப்படாது. ஆனா வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.”

கொஞ்ச நாளே ஓடிய வண்டி பழைய சாமான் கடைக்கு ஏன் வந்தது என்று உலகநாதன் கேட்கவில்லை.

கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் அவர் எந்தப் பட்டறையை விட்டும் கிளம்பியதில்லை. விட்டால் துடைத்து அடுத்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். பெட்டியை மாற்றி முடித்ததும், கழற்றிய பழைய பெட்டியையும் செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைக்கச் சொன்னார்.

“உள்ள பேட்டரி இருக்குதுங்க. ஒரு வாரம் உயிரோட இருக்கும்,” என்றார் ரஹமத்துல்லா.

சனிக்கிழமை காலை ஏற்காடு பள்ளி விடுதியிலிருந்து பத்து வயது மகள் நறுமுகையை ஏற்றிக்கொண்டு இறங்கினார். கார் பறந்தது. லாரியை ஒட்டிக்கொண்டு வளைந்தபோதுகூட அது முனகவில்லை.

அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதினான்காவதாக வரும் வளைவில் டிக்கிக்குள் ஏதோ அழுதது.

உலகநாதன் பிரேக்கை மிதித்தார். மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி, கார் மெல்ல நின்றது. டிக்கியைத் திறந்தால், செய்தித்தாளுக்குள் பழைய பெட்டி துடித்துக்கொண்டிருந்தது. அந்த ஓலத்தைக் கேட்டு நறுமுகையும் இறங்கி வந்தாள்.

“ஏம்ப்பா இது அழுவுது?”

“பழைய சாமான், கண்ணு. பழக்க தோஷம்.”

“ஏதோ கருகுற வாசம் அடிக்குதுப்பா.”

உலகநாதன் காரிடமே கேட்டார். “எல்லாம் சரியா இருக்கா?”

“எல்லாம் நலம். புறப்படலாம்,” என்றது தேன் தடவிய குரல்.

பிறகென்ன? பெட்டியைத் தூக்கிப் பள்ளத்தில் வீசினார். அழுகை நெடுநேரம் கீழே போய்க்கொண்டே இருந்து, சட்டென்று நின்றது.

“நடந்தே போயிரலாம்ப்பா,” என்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள் நறுமுகை.

“அசடு! ஏறு,” என்று சிரித்தார்.

இருக்கையில் உட்கார்ந்ததும் அவருக்கு உள்ளங்கை வியர்த்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. இப்படி ஆகி எத்தனையோ வருஷம். இதற்கு என்ன பெயர் என்றுகூட அவருக்கு நினைவில்லை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியது ஞாபகம் வந்தது.

“சுகர் கொறஞ்சிருச்சு போல,” என்று சொல்லி ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். மகளுக்கும் ஒன்று கொடுத்து, அவளுடைய பெல்ட்டை மாட்டிவிட்டார்.

கீழே இன்னும் பதின்மூன்று வளைவுகள் இருந்தன. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.