வயிற்றுக்குள் கதைக்கும் ஜின்

அந்திபட்டதும் அந்தச் சத்தம் தொடங்கும். குளுகுளு... குடுகுடு... யாரோ தண்ணீருக்கடியில் இருந்து கதைப்பதுபோல.

நதீரா மூச்சை அடக்கிக் கேட்பாள். சத்தம் தம்பி ஜவுபரின் வயிற்றுக்குள் இருந்து வந்தது.

கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருசம் அது. கல்முனைக் கரையில் வீடிழந்தவர்கள் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். ஐந்து வயது ஜவுபர் தூக்கத்தில் அலறுகிறான் என்று உம்மா அவனை, நோய்க்கும் பயத்துக்கும் ஓதிப் பார்க்கும் ஷரிபுதீன் லெவ்வையிடம் கூட்டிப்போனாள்.

ஓதிப் பார்ப்பதில் தன்னை மிஞ்ச அக்கரைப்பற்றுவரை ஆளில்லை என்று ஊர் சொல்வதாக லெவ்வையே சொல்லுவார். பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் வேதவசனம் எழுதி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்.

"வேற கை படாத தண்ணி," என்பார் பெருமையாக.

உண்மைதான். இடிந்த வீடுகளுக்கு நடுவில் தனியே நின்ற கிணற்றுத் தண்ணீர் அது. கடல் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை.

அலறல் நின்றது. வயிற்றோட்டம் தொடங்கியது. ஜவுபர் ஈர்க்குப்போல மெலிந்தான்.

"கடல் ஜின்," என்றார் லெவ்வை. அன்றிலிருந்து பிள்ளைகள் அவனோடு விளையாட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

லெவ்வைக்கு அன்று பெருநாள். உம்மாவிடம் சொன்னார்: "பாத்தீங்களா சபியா? கண்ணாடிக்கே தெரியாதது ஜின் இல்லாம வேற என்ன?"

பீங்கான் தண்ணீர் இரண்டு வேளையானது. சத்தமும் கூடியது.

பிறகு கொழும்பிலிருந்து டொக்டர்கள் வந்தார்கள். நதீரா உம்மாவையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணாடியில தெரியல்ல, மிஸ். அப்ப ஜின்தானா?"

டொக்டர் சிரிக்கவில்லை. "நண்டக் காணாட்டியும் மணல்ல அதுட தடம் இருக்குமே? சில பூச்சி எல்லா நாளும் வெளியில வராது. வராத நாள்ல கண்ணாடி என்ன செய்யும்? எங்கட சோதனை தடத்தத் தேடும். அதுட மரபணு கொஞ்சம் கிடந்தாலும் பிடிக்கும். ஆனா எந்தப் பூச்சியத் தேடணும் எண்டு நாங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

அடுத்த கிழமை முடிவு வந்தது. "ஜியார்டியா எண்டொரு பூச்சி. அழுக்குத் தண்ணியில வரும். மருந்து இருக்கு."

கொட்டில்களில் எல்லாரும் குடிப்பது பவுசர் லொறியில் வரும் தண்ணீர். ஜவுபர் மட்டும் கூடுதலாகக் குடிப்பது...

நதீராவுக்கு விளங்கிவிட்டது. நேரே லெவ்வையிடம் போய் டொக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"மருந்தாவது! ஜின் எனக்கு மட்டும்தான் அடங்கும், மகள். நான் ஒரு பார்வை பாத்தா..."

குளுகுளு... குடுகுடு...

சத்தம் லெவ்வையின் சட்டைக்குள் இருந்து வந்தது.

"வெளியில ஆருக்கும் கேட்டிருக்குமா?" என்றார் மெல்ல.

"இல்ல மாமா."

"ஒரு மாசமா இரிக்கு. ஓதுறவனுக்கே ஜின் எண்டா ஊர் என்ன கதைக்கும்?"

"ஜின் இல்ல மாமா, அந்தக் கிணத்துத் தண்ணி. டொக்டர்ட மருந்து இரிக்கு. இனிப் பவுசர் தண்ணியக் காய்ச்சி, ஆறவெச்சுப் பீங்கானக் கழுவுங்க. ஓதல் அதேதானே? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

லெவ்வை பீங்கானில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரை வாசலில் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார்: "கடல் ஜின்னுக்குக் காய்ச்சின தண்ணி ஆகாது. நானே கண்டுபிடிச்சன். டொக்டர்மாரும் என்னோட ஒத்துப்போறாங்க." கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள்.

மருந்து முடிந்து சில கிழமைகள் போயின. "லெவ்வைட அறிவப் பாரு, மகள்," என்றாள் உம்மா ரொட்டி சுட்டபடி.

"ஓம் உம்மா," என்ற நதீரா, மூன்றாவது ரொட்டிக்குக் கைநீட்டி நின்ற தம்பிக்குத் தன்னுடையதில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.